எல்லைப்புறத்திலிருந்து லூசோனுக்கு

அமெரிக்காவின் தென்மேற்கு எல்லைப்புறத்தில் அப்பாச்சி பழங்குடியினருடன் பொருதிய படை அதிகாரிகள், அந்த எல்லை அடங்கியபின் அதே போர்ப்பழக்கங்களுடன் கடல்கடந்த காலனியப் போருக்குச் சென்றதற்கு ஹென்றி லாட்டனின் பிற்காலப் பணி தெளிவான சான்றாகும். 1886இல், நான்காம் குதிரைப்படையின் கேப்டனாக, மெக்சிக்கோவின் சியரா மாட்ரே மலைகளுக்குள் அப்பாச்சிப் போர்த்தலைவர் ஜெரோனிமோவின் சிறு கூட்டத்தை அவர் மாதக்கணக்கில் துரத்தினார். ஆயினும் செப்டம்பரில் நிகழ்ந்த சரணடைவுக்கு அத்துரத்தலைக் காட்டிலும் லெப்டினன்ட் கேட்வுட் நேரில் சென்று நடத்திய பேச்சே நெருங்கிய காரணம் எனல் தகும்.

ஸ்பெயின் 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்த பிலிப்பைன்ஸில் 1899 பிப்ரவரியில் அமெரிக்க ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர் மூண்டபின், கியூபாப் போரையும் கண்டிருந்த லாட்டன் மேஜர் ஜெனரலாக லூசோன் தீவை அடைந்தார். அங்கே, முன்பு ஸ்பெயினுக்குப் படைவீரர்களாக உழைத்த மக்காபெபே ஊரினரை ஒற்றறியும் 'ஸ்கவுட்' படையாகத் திரட்டும் திட்டத்தை அவர் ஆதரித்தார். அப்பாச்சிகளைத் தேட அப்பாச்சிகளையே அமர்த்திய அரிசோனா முறையின் மறுபதிப்பே இது என்பதோடு, ஒரு மக்களினத்தைப் பிளந்து ஆளும் காலனியக் கருவியும் இதுவே.

1899 டிசம்பர் 19 அன்று, மணிலாவுக்கு அருகிலுள்ள சான் மத்தேயோவில், நெடிய உருவத்துடன் முன்வரிசையில் நடமாடிய லாட்டன் குண்டடிபட்டு இறந்தார். எதிரணியை நடத்திய பிலிப்பினோ தளபதியின் பெயர் லிசேரியோ ஜெரோனிமோ.