தேவையான ஆணியும் தேவையில்லாத ஆணியும்

பி.காம் படிக்கிறவனுக்கு ஏரோப்ளேனோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நடுவில் ஓர் இடத்தில் தேய்மானக் கணக்கு வரும். அதுவரை பொறுத்துக்கொள்ளவும்.

போன கார்த்திகை தீப விடுமுறையில் ஊரே கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தபோது, நான் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் விமானத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். 72-ல் ஒரு பங்கு அளவு. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பழைய 'நாட்' விமானம். சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. தீபம் பார்க்க வந்திருந்த நண்பன் அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னடா, உன் ஏரோப்ளேனுக்கு அம்மை போட்டிருக்கு?" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. இறக்கை, வால், வயிறு எல்லா இடத்திலும் வரிசை வரிசையாகக் குமிழ்கள். அதெல்லாம் ரிவெட் என்று சொன்னேன். "நிஜ ப்ளேனும் இப்படித்தான் சொரசொரன்னு இருக்குமா?" என்று திருப்பிக் கேட்டான். பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

ரிவெட் நமக்குப் புதிதில்லை. வீட்டு இரும்புச் சட்டியின் காதைத் திருப்பிப் பாருங்கள், தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியின் மூலையைப் பாருங்கள். இரண்டு தகட்டிலும் துளை போட்டு, ஆணியைச் செருகி, மறுபக்கம் முட்டுக் கொடுத்து அடித்து நசுக்குவது. அவ்வளவுதான். (நண்பனுக்கு 'ரிவிட் அடிப்பது' வேறு கலை. அதுவும் பின்னால் வரும்.) விமானத்தில் ஏன் வெல்டிங் வைக்காமல் இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், காரணம் உலோகத்தில் இருக்கிறது. 1906-ல் ஆல்ஃபிரெட் வில்ம் என்ற ஜெர்மானியர், அலுமினியத்தோடு செம்பும் மக்னீசியமும் கலந்து, சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துச் சில நாள் சும்மா விட்டால் அது தானாகவே இறுகுவதைக் கண்டுபிடித்தார். டியூராலுமின் என்று அதற்குப் பெயர் வந்தது. இந்த இறுக்கம் சூட்டில் வந்தது. மறுபடி வெல்டிங் சூட்டைக் காட்டினால் அந்த இடத்தில் வலு போய்விடும். அதனால் ரிவெட். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சில வகை ரிவெட்டுகளைச் சூடாக்கிக் குளிரவைத்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார்கள். வெளியே விட்டால் அடிப்பதற்குள் இறுகிவிடும். நம் வீட்டில் தோசை மாவு புளிக்காமல் இருக்க உள்ளே வைக்கிறோம் அல்லவா, அதே கதைதான்.

ஆனால் வேகமாகப் பறக்க ஆரம்பித்ததும் இந்தக் குமிழ்களே இடைஞ்சலாகிவிட்டன. ஒவ்வொரு தலையும் காற்றை இழுத்துப் பிடிக்கும். 1930களில் ரிவெட்டின் தலையைத் தகட்டுக்குள்ளேயே பள்ளம் போட்டு அமுக்கி, மேலே சமமாக்கும் முறை பரவியது. ஆனால் அதற்கு நேரமும் கூலியும் அதிகம். எல்லா இடத்திலும் அது தேவையா? இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தைக் கட்டிய சூப்பர்மெரின் கம்பெனிக்கு இந்தக் கேள்வி வந்தது. அவர்கள் செய்த காரியத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைப் பட்டாணிப் பருப்பு வாங்கினார்கள். மசால் வடைக்குப் போடுவோமே, அதே உடைத்த பருப்புதான். வழவழப்பான முதல் விமானத்தின் ஒவ்வொரு ரிவெட் தலைமேலும் ஒரு பருப்பைக் கோந்து போட்டு ஒட்டினார்கள். பறக்கவிட்டால் வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் குறைந்தது. பிறகு பருப்பைப் பகுதி பகுதியாகப் பிய்த்து எடுத்து, திரும்பத் திரும்பப் பறந்து, எந்த ஆணி காற்றுக்குத் தடை, எந்த ஆணி இருந்தால் பரவாயில்லை என்று கண்டுபிடித்தார்கள். முடிவில் ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்களின் இறக்கையில் சமத் தலை ரிவெட், உடம்பில் குமிழ்த் தலை ரிவெட். தேவையில்லாத ஆணி எது என்று நம் வடிவேலுவுக்கு 60 வருடத்துக்கு மேல் முன்னாலேயே ஒரு கம்பெனி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறது :-)

இனி பொம்மைக்கு வருவோம். 1936-ல் இங்கிலாந்தில் 'ஃபிராக் பென்குவின்' என்ற பெயரில் 72-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் விமானங்கள் வந்தன. இந்த வகையில் உலகத்தில் முதல் என்று சொல்கிறார்கள். 1950களில் ஏர்ஃபிக்ஸ் வந்து, மலிவாக, பையன்கள் கைச்செலவுக் காசில் வாங்குகிற மாதிரி விற்றது. அம்மை போட்ட விமானங்கள் அங்கேதான் பெருகின. 1960களில் அவர்கள் விட்ட ஸ்டர்லிங் குண்டுவீச்சு விமானத்தில் இருக்கிற ரிவெட்டுகளை எண்ணினால் பைத்தியம்தான் பிடிக்கும்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? பையன்களுக்கு நிறைய விவரம் தெரிந்தால் காசுக்குப் பொருள் கிடைத்த திருப்தி என்பது ஒரு காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிளாஸ்டிக்கில் மேடாக வருவது எஃகு அச்சில் பள்ளம். அச்சில் ஒரு கூர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் ஒரு ரிவெட் ரெடி. கோடு வேண்டுமென்றால் ஒரு கீறல். அதையே பொம்மையில் பள்ளமாகக் கொண்டுவர வேண்டுமென்றால் அச்சில் அது மேடாக நிற்க வேண்டும். அதாவது சுற்றியிருக்கிற எஃகு முழுவதையும் மயிரிழை கனத்துக்குச் செதுக்கித் தள்ள வேண்டும். கைவேலைக் காலத்தில் அதை யார் செய்வது? நம் கோயில் தூணில் எழுத்தைக் கல்லுக்குள் வெட்டுவது சுலபம், எழுத்து மட்டும் புடைத்து நிற்கச் சுற்றிலும் வெட்டுவது கஷ்டம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பார்த்தால் இன்னும் கூத்து. என் பொம்மையில் ஒரு குமிழ் அரை மில்லிமீட்டர் இருக்கும் என்று வையுங்கள். 72-ஆல் பெருக்கினால் 36 மில்லிமீட்டர். நிஜ விமானத்தின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி வரிசையாகக் கவிழ்த்து வைத்த மாதிரி! ஸ்பிட்ஃபயர்காரர்கள் ஒட்டிய பட்டாணிப் பருப்பே இதற்குத் தேவலை. 6 மில்லிமீட்டர் தலை உள்ள ரிவெட்டை இந்த அளவில் சரியாகச் செய்தால் 0.08 மில்லிமீட்டர் வரும். தலைமுடியின் கனம்.

சொன்னபடி தேய்மானக் கணக்கு. அச்சு என்பது நிலையான சொத்து. செய்யத்தான் பெரிய செலவு, செய்துவிட்டால் லட்சக்கணக்கில் பிளாஸ்டிக் ஊற்றலாம். கணக்குப் புத்தகத்தில் அச்சின் மதிப்பு பூஜ்யமான பிறகும் எஃகு அப்படியே இருக்கும். அதனால்தான் 1960களின் ரிவெட் 2000க்குப் பிறகும் புது அட்டைப் பெட்டியில் கடைக்கு வந்துகொண்டிருந்தது. இடையில் 1981-ல் ஏர்ஃபிக்ஸ் நொடித்து, பல கைகள் மாறி, 2006-ல் ஹார்ன்பியிடம் போனது. அச்சுகளும் கூடவே போயின. கம்பெனி நொடித்தாலும் ரிவெட் நொடிக்கவில்லை. நாட் விமானத்துக்கே 2010களில்தான் ஏர்ஃபிக்ஸ் புது அச்சு போட்டது. அதில் மெல்லிய பள்ளக் கோடுகள்.

இதற்கு நடுவே 1970களில் மேட்ச்பாக்ஸ் என்ற கம்பெனி துணிந்து பள்ளக் கோடு போட்டது. துணிந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே துணிந்துவிட்டார்கள். சில விமானங்களில் கோடு வாய்க்கால் மாதிரி. தண்ணீர் விட்டால் நாற்று நடலாம். பிறகு ஜப்பான்காரர்கள், முக்கியமாக ஹாசேகாவாவும் டமியாவும், பள்ளக் கோட்டை ஒல்லியாக்கிக் காட்டினார்கள். அதன்பின் பழைய பொம்மை வைத்திருந்தவர்கள் எல்லாரும் உப்புத்தாளைத் தூக்கினார்கள். குமிழையெல்லாம் தேய்த்து எடு, ஊசியால் கோட்டைக் கீறு, பல்சக்கரத்தை உருட்டிப் புள்ளி போடு. இதுவே ஒரு தனிப் பொழுதுபோக்கு ஆகிவிட்டது.

நானும் தேய்த்தேன். இரண்டு ராத்திரி, தண்ணீர் தொட்டுத் தொட்டு. கடைசியில் வழவழவென்று வந்ததும் பெருமையாக மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா 20 வருடத்துக்கு மேல் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் இருந்தவர். அவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கட்டை விரலால் ஒரு தடவு தடவினார்.

"என்ன மாப்ளே, சோப்புக் கட்டி மாதிரி இருக்கு. எலும்பு எங்க?"

எனக்குப் புரியவில்லை. வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய், நின்றுகொண்டிருந்த ஒரு பழைய வேனைக் காட்டினார். ரிவெட் வரிசை எங்கே போகிறதோ அதன் அடியில்தான் சட்டம் போகும். தகடு சும்மா போர்வை. வெறும் போர்வையில் யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள். இரண்டு வரிசை பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அங்கே இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. வரிசை திடீரென்று நின்றால் அங்கே கதவோ, கழற்றுகிற மூடியோ. "ஆணிய எண்ணத் தெரிஞ்சா உள்ள என்ன இருக்குன்னு பிரிக்காமலே சொல்லிடலாம்" என்றார். ஏர்ஃபிக்ஸ்காரனின் ஆணி எலுமிச்சம்பழ அளவில் இருந்தாலும், பல இடத்தில் அது விலா எலும்பு போகிற வழியைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் மொத்தமாகத் தேய்த்துத் தூக்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் படங்களை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்ததும் இன்னொரு இடி. நம் விமானப்படையின் நாட் ஒருவர் மட்டும் உட்காரும் சண்டை விமானம். 1956-ல் உரிமம் வாங்கி பெங்களூரில் எச்.ஏ.எல். கட்டியது. 1965 போரில் பேர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல் ஜித் சிங் செகான் தனியாக ஆறு சேபர் விமானங்களை எதிர்த்துப் பறந்து உயிர்விட்டது இதில்தான். விமானப்படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. என்னிடம் இருப்பதோ பிரிட்டிஷ்காரர்களின் இருவர் உட்காரும் பயிற்சி நாட். இறக்கையே வேறு. நம்முடையது 6.73 மீட்டர், அது 7.32 மீட்டர். அட்டையில் 'நாட்' என்று இருந்ததை நம்பினேன். ரிவிட் எனக்கே அடிக்கப்பட்டது. செகானின் விமானம் செய்ய நினைத்த எத்தனையோ பேர் இந்தப் பயிற்சி விமானத்தை அறுத்துக் குறுக்கிப் பாடுபட்டிருக்கிறார்கள். பின்னால் செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி கம்பெனிதான் ஒற்றை இருக்கை நாட்டையும் அஜீத்தையும் இதே அளவில் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தது.

அஜீத்தைப் பார்க்க ஒருநாள் பஸ் ஏறி பெங்களூர் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கே போனேன். நாட்டைத் திருத்தி எச்.ஏ.எல். செய்த விமானம் அது. 1975-ல் முதல்முறை பறந்தது. நாட்டில் இறக்கைக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி தொங்கவிட்டால் குண்டு மாட்ட இடம் குறையும். அஜீத்தில் இறக்கைக்குள்ளேயே எண்ணெய். தனித் தொட்டி கிடையாது, இறக்கையே தொட்டி. அப்படியானால் அங்கே அடிக்கிற ஒவ்வொரு ஆணியும் ஒழுகாத ஆணியாக இருக்க வேண்டும். நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் குனிந்து, வெயில் சாய்வாக விழுகிற இடத்தில் கண்ணை வைத்ததும் வரிசைகள் எழுந்து வந்தன. குமிழும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆணி அடித்த இடத்தில் தகடு லேசாக அமுங்கியிருக்கிற நிழல், அவ்வளவே. நண்பன் கேட்டதற்குப் பதில் அங்கே கிடைத்தது. நோட்டில் வரைந்துகொண்டேன்.

அந்த நோட்டில் கடைசியாக எழுதியது வாம்பயர் விமானத்தைப் பற்றி. இந்திய விமானப்படையின் முதல் ஜெட் அது. எச்.ஏ.எல். உரிமம் வாங்கிக் கட்டியது. அதன் இறக்கை உலோகம். ஆனால் விமானி உட்காரும் முன்பாகம் ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் சேர்த்து ஒட்டியது. அந்த மர மூக்கில் யாராவது வரிசையாக ரிவெட் போட்டு வைத்தால், அதுதான் சுத்தமான தேவையில்லாத ஆணி.

இப்போது என் பயிற்சி நாட் பழகிப் பார்க்கிற கட்டையாகிவிட்டது. செக் நாட்டுப் பெட்டிக்குக் காசு சேர்கிற வரை இதிலேயே கை பழகட்டும் என்று, படத்தை வைத்து விலா எலும்பு போகும் இடங்களைப் பென்சிலால் குறித்து, எம்பிராய்டரி டிசைனைத் துணியில் பதிக்கிற டிரேசிங் வீலை உருட்டினேன். முதல் வரிசை கோணல். ஸ்கேலாக ஒரு டேப்பை ஒட்டி உருட்டியதும் நேராக வந்தது. மேலே உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. வலது இறக்கை முடிந்து மாமாவிடம் போனது. சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார், வரிசையை நகத்தால் தொடர்ந்தார், "இங்க ஒண்ணு விட்டுட்டே" என்று திருப்பிக் கொடுத்தார்.

இடது இறக்கை அப்படியே கிடக்கிறது. காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை வருகிறது, தையல்கடை அக்காவும் வீலைத் திருப்பிக் கேட்டுவிட்டார்.