நெல்முளையும் மால்ட் விஸ்கியும்

2023 நவம்பரில் இலண்டனில் நடந்த சொதபீஸ் ஏலத்தில் 'மக்காலன் 1926' என்னும் ஸ்காட்லாந்து மால்ட் விஸ்கியின் ஒரே ஒரு புட்டி 21 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. 60 ஆண்டுகள் மரப்பீப்பாயில் முதிர்ந்த அந்த விஸ்கியிலிருந்து நிரப்பப்பட்டவை 40 புட்டிகளே. இத்தகைய புட்டிகள் பெரும்பாலும் திறக்கப்படுவதற்காக வாங்கப்படுவதில்லை. சுவைக்கப்படாத ஒரு பானத்துக்கு இவ்வளவு விலை என்றால் அங்கே விற்கப்படுவதுதான் என்ன?

இக்கேள்வியைக் காவிரிப் படுகையிலிருந்து கேட்க நமக்குத் தனியானதொரு காரணம் உண்டு. 'மால்ட்' என்பது முளைகட்டி உலர்த்திய தானியம். தெருவோரத் தள்ளுவண்டிகளில் 'ராகி மால்ட்' என்று வாங்கிக் குடிக்கிறோமே, அதே சொல்தான். தானியம் முளைவிடும்போது அதனுள் நொதிகள் சுரந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகின்றன. அந்தச் சர்க்கரை புளித்தால் மது. ஸ்காட்லாந்தில் வாற்கோதுமையை ஏறக்குறைய இரண்டு நாள் ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைக்கவிட்டு, பிறகு சூட்டில் உலர்த்தி முளையை நிறுத்துகிறார்கள். இவ்வேலையின் முற்பகுதியை நம் உழவர்கள் ஒவ்வொரு பட்டத்திலும் செய்துவருகிறார்கள். விதைநெல்லைச் சாக்கோடு நீரில் ஊறப்போட்டு, எடுத்து வடியவிட்டு, வைக்கோல் மூடி இருட்டில் வைத்து முளைகட்டுகிறார்களே, அது வேறென்ன? உழவர் அந்த முளையை நாற்றங்காலுக்குக் கொண்டுபோகிறார். விஸ்கி வடிப்பவர் அதைச் சூட்டடுப்புக்குக் கொண்டுபோகிறார். பிரியும் இடம் அவ்வளவே.

பிரியாத ஒரு காலமும் இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் பாணருக்குக் கிடைக்கும் மதுவின் செய்முறை ஏழெட்டு அடிகளில் சொல்லப்படுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுகிறார்கள். பிறகு 'நல்லடை'யைக் கலக்கிறார்கள். அது பார்வைக்குக் கறையான் புற்றினுள் இருக்கும் குரும்பியை ஒத்திருக்குமாம். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயையுடைய சாடியில் பச்சை நாற்றம் நீங்க விளையவிட்டு, வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். நல்லடை என்பது முளையை இடித்துச் சேர்ப்பது என்று விளக்குகிறார் 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர். அதே பாட்டில் வரும் 'தோப்பி' என்ற சொல்லுக்கும் நெல்லால் சமைத்த கள் என்பதே அவர் உரை. அந்த உரையுடன் பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் அச்சிட்டது 1889இல். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மறந்துபோன முளைநெல் மதுவின் குறிப்பு, நெல் விளையும் ஊரில் பணியாற்றியவர் வழியே அச்சேறியது என்பது கவனிக்கத்தக்கது.

ஸ்காட்லாந்து விஸ்கிக்கு முதற்சான்றாகக் காட்டப்படுவது 1494ஆம் ஆண்டின் அரசுக் கணக்கேடு. துறவி ஜான் கோர் என்பவருக்கு 'உயிர்நீர்' வடிக்க எட்டு 'போல்' அளவு மால்ட் வழங்கப்பட்டதாக அதில் பதிவு உண்டு. நம் பாட்டு அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. இதனால் விஸ்கி தமிழருடையது என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. வலைஞர் பிழிந்தது வடிக்கப்படாத இளம்மது. விஸ்கியோ வாலையில் காய்ச்சி வடித்து, மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடத்தப்படுவது. நாம் சொல்ல வருவது தொன்மைப் பெருமை அன்று. மதுவை முதிரவிட வேண்டும் என்ற அறிவும், அதைத் தரம்பிரிக்கும் நாவும் அன்றே இருந்தன என்பதுதான். மூங்கிற் குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் பேசுகிறது. நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைக் கபிலரின் புறப்பாட்டொன்று குறிக்கிறது. 'தேறல்' என்ற சொல்லே தெளிந்தது என்னும் தரச்சொல்தான்.

விலையும் அப்போதே பானத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதே உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் இரவில் பட்டை நீக்கித் துகில் உடுத்துகிறார்கள்; அதுபோலவே மட்டை நீக்கி மதுவுக்கு மாறுகிறார்கள். ஒன்றைவிட மற்றொன்றை மேலாகக் கருதும் நகரத்து நா அது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் புறம் 56இல், யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தருகிறார்கள். 1945இல் அரிக்கமேட்டில் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடிகளின் ஓடுகள் அப்பாட்டுக்குச் சான்றாயின. கடல் கடந்து வந்தது உயர்ந்தது, பொற்கலத்தில் வந்தது அதனினும் உயர்ந்தது என்ற கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. பொற்கலத்தின் இடத்தை மரப்பெட்டியும் எண்ணிட்ட சீட்டும் பிடித்துக்கொண்டன. பட்டினப்பாலைக்கே கரிகாலன் 16 நூறாயிரம் பொன் தந்தான் என்கிறது கலிங்கத்துப்பரணி. விலை கேட்டு வியக்கும் வழக்கம் கவிதையையும் விடவில்லை.

இன்று இந்தியாவிலும் மால்ட் விஸ்கி வடிக்கப்படுகிறது. பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் தன் ஒற்றை மால்ட்டை 2004இல் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. 'ஒற்றை' என்றால் ஒரே வடிசாலையில், வாற்கோதுமை மால்ட் மட்டும் கொண்டு ஆக்கியது என்று பொருள். அதன் 'ஃப்யூஷன்' வகையை நண்பர்களோடு ஒரு மாலை தஞ்சையில் சுவைத்துப் பார்த்தோம். சுவைஞர் சொல்லும் முறைப்படி, வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிதளவு ஊற்றி, முதலில் முகர்ந்து, பிறகு நாவில் நிறுத்தி, கடைசியில் சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர்ந்தோம். நூற்றுக்கு ஐம்பது பங்கு சாராயமுள்ள பானம். முதலில் மூக்கைச் சுட்டது. நீர் சேர்ந்ததும் கனிந்த வாழைப்பழமும் பனங்கற்கண்டும் நினைவுக்கு வந்தன. அடியில் மெல்லிய புகை. அது ஸ்காட்லாந்தின் கரிமண் புகையில் உலர்த்திய வாற்கோதுமையும் இதில் சேர்வதால் வருவது. எல்லாவற்றுக்கும் பின்னே, ஊறிய விதைநெல் சாக்கை அவிழ்க்கும்போது எழும் வாசம் ஒன்று இருந்தது. நிலம் வைத்திருக்கும் நண்பர்தான் அதை முதலில் சொன்னார்.

இதன் விலை நியாயந்தானா? ஒரு கணக்கைப் பார்க்கலாம். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. பெங்களூருவில் 10 விழுக்காட்டுக்கும் மேல். பத்தாண்டு வைத்திருந்தால் அங்கே 100 லிட்டரில் 82 லிட்டர் மிஞ்சும். இங்கே 35 லிட்டர்கூட மிஞ்சாது. வெப்பத்தில் முதிர்ச்சி விரைவாக வருகிறது, இழப்பும் விரைவாகவே வருகிறது. ஆகவே வயதை மட்டும் பார்த்து விலை மதிப்பது நம் வெயிலுக்குப் பொருந்தாது. காத்திருந்ததற்கும் இழந்ததற்குமான கூலி விலையின் ஒரு பகுதி, அது நேர்மையானது. வரி இன்னொரு பகுதி. எஞ்சியது பெயருக்கு. அந்தப் பெயரோ நாவையே மாற்றவல்லது. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே திராட்சை மதுவை விலை கூட்டிச் சொல்லிக் கொடுத்தபோது அதை மேலும் சுவையானது என்றார்கள் குடித்தவர்கள். அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வில், விலை தெரியாமல் சுவைத்த பயிற்சியில்லாதோர் விலையுயர்ந்த மதுவைச் சற்றுக் குறைவாகவே விரும்பினர்.

நம் படுகையில் அந்தப் பெயர் தொடராமல் போயிற்று. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். சோழர் காலச் செப்பேடுகள் சிலவற்றில், கொடையளித்த ஊர்களில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது என்ற கட்டுப்பாடு வருகிறது. 'ஈழம்பூட்சி' என்று கள்ளிறக்குவோர் மீது வரியும் இருந்தது. 1886இன் சென்னை ஆப்காரிச் சட்டம் மதுவை முழுமையாக அரசின் வருவாய்ப் பொருளாக்கிற்று. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் நீங்கி, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடி நீங்கியது. 1987 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக்கிடம். 2023-24இல் அதன்வழி அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. நடவும் அறுப்பும் முடித்த கூலிக்காரர் அங்கே வாங்கும் மலிவு 'விஸ்கி' பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி அதற்கு விஸ்கி என்ற பெயரே செல்லாது. முளைநெல்லை அறிந்த கைக்கு முளையே படாத பானம். அதையும் தன் நாட்கூலியில் கணிசமான பங்கைக் கொடுத்தே அவர் வாங்குகிறார்.

அஸ்ஸாமின் திமாசா மக்கள் அரிசியில் ஆக்கும் 'ஜுதிமா'வுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் தோப்பி உரைநூலில் மட்டும் இருக்கிறது. மதுவை மீட்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அது கெடுத்த குடும்பங்கள் எந்தத் தெருவிலும் உண்டு. ஆனால் மதிப்பு என்பதை எங்கே தேடுவது என்று கேட்டால் ஔவையாரின் புறம் 235ஐத்தான் காட்டத் தோன்றுகிறது. அதியமான் இறந்தபின் அவர் நினைவுகூர்வது மதுவின் மணத்தையோ முதிர்ச்சியையோ அன்று. சிறிதளவே இருந்தால் அவன் அதை எங்களுக்குத் தந்துவிடுவான், மிகுதியாக இருந்தால் நாங்கள் பாடக் கேட்டபடி தானும் அருந்துவான் என்பதைத்தான். அந்தக் கணக்கில் வைத்தால், இலண்டனில் விலைபோன புட்டி திறக்கப்படாத வரை இன்னும் மதிக்கப்படவே இல்லை.