உழவன் உயிலும் பிறைக்கரை மண்ணும்

உயில் என்பது தமிழ்ச் சொல்லன்று. 'வில்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம் நாவில் உயிலாகத் திரிந்தது. சொல்லைக் கடன்வாங்க நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பூர்விக நிலத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்குண்டு என்பது தமிழகத்து இந்துக்களிடையே வழங்கிய மிதாட்சர நெறி. பங்கு முன்பே விதிக்கப்பட்டிருக்க, எழுதிவைக்க என்ன இருக்கிறது? இஸ்லாமிய நெறியிலும் வாரிசுகளின் பங்குகள் வரையறுக்கப்பட்டவையே. மூன்றில் ஒரு பங்குக்குள்தான் ஒருவர் தம் விருப்பப்படி எழுதிவைக்கலாம்.

இங்கிலாந்தில், சொந்த நிலத்தைத் தாமே உழுதுண்ட குடியானவரின் நிலை வேறு. 1540ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தையும் உயிலால் வழங்க வழிசெய்தது. பிள்ளைகள் நால்வருக்கும் நிலத்தைக் கூறுபோட்டால் எவர்க்கும் ஏரோட்ட இடமிராது. ஒருவனுக்கே கொடுத்தால் ஏனையோர் தெருவில் நிற்பர். இந்த இக்கட்டுக்கு அவர் கண்ட வழி உயில். நிலம் ஒரு மகனுக்கு. அவன் தம்பிக்கு இத்தனை பவுன், தங்கைக்கு மணவயதில் இத்தனை பவுன் தரக் கடமைப்பட்டவன். மனைவிக்கு வீட்டில் ஓர் அறை, அடுப்பில் உரிமை, ஆண்டுதோறும் தானியம், ஒரு பசு. மாமியாரும் மருமகளும் ஓரடுப்பில் ஒத்துப்போவார்களா என்பதை அந்த உழவரும் எண்ணிப் பார்த்திருக்கிறார். இது நமக்கு வியப்பளிக்காது.

அந்தச் சட்டமரபே பினாங்குக்கும் கப்பலேறி வந்தது. 1807இல் அரச சாசனத்தின்வழி இங்கு நீதிமன்றம் அமைந்தது. அதனோடு ஆங்கிலச் சட்டமும் நுழைந்தது. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து பெறப்பட்ட எதிர்க்கரை நிலத்துக்கும், அதாவது இன்றைய பிறைக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும், அதுவே சட்டமாயிற்று.

இதன் விளைவை 1871இல் பினாங்கில் தீர்க்கப்பட்ட 'பாத்திமா எதிர் லோகன்' வழக்கில் காண்கிறோம். முஸ்லிம் ஒருவரின் உயில் அவருடைய சமயச் சட்டப்படி செல்லுமா, ஆங்கிலச் சட்டப்படி செல்லுமா என்பதே கேள்வி. ஆங்கிலச் சட்டமே ஆளும் என்றது நீதிமன்றம். மூன்றிலொரு பங்கு என்னும் வரம்பு இவ்வாறு அகன்றது. விரும்பியவர்க்கு எல்லாவற்றையும் வழங்கும் உரிமை, வேண்டாதவர்க்கு ஏதுமின்றிச் செய்யும் உரிமையும் ஆகும் என்பதை வாரிசுகள் உணர்ந்திருப்பர்.

எனினும் அந்த உரிமைக்கும் எல்லை இருந்தது. பினாங்குச் சீனப் பெண்மணி ஒருவர், குடும்பத்தார் கல்லறைகள் இருந்த இரண்டு தோட்டங்களை எக்காலத்தும் விற்கவோ அடகுவைக்கவோ கூடாது என்று எழுதிவைத்தார். லண்டன் பிரிவி கவுன்சில் 1875இல் அவ்வேற்பாடு செல்லாது என்று தீர்த்தது. பொதுமக்களுக்குப் பயன் இல்லாத ஒன்றுக்காக நிலத்தை என்றென்றைக்கும் பூட்டிவைக்க இயலாதாம். 'விற்கவோ, அடகுவைக்கவோ, பராதீனம் செய்யவோ பாத்தியதை இல்லை' என்னும் தொடரைத் தமிழ்ப் பத்திரங்களில் படித்துப் பழகிய நமக்கு அந்த அம்மையாரின் மனம் அயலானதன்று.

இன்றைய மலேசியாவில் 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. அவர்கள் தம் சமயச் சட்டத்துக்குத் திரும்பிவிட்டனர். ஏனையோர்க்கு 1971இல் ஒரு காப்பு வந்தது. உயிலில் போதிய வழி செய்யப்படாத மனைவியோ, மணமாகாத மகளோ, வயதுவராத மகனோ நியாயமான பராமரிப்புக் கேட்டு நீதிமன்றத்தை நாடலாம். ஆங்கில உழவர் மனைவிக்கு ஒதுக்கிய அறையையும் தானியத்தையும் இது நமக்கு நினைவூட்டுகிறது.

இவை யாவும் நிலம் உடையோர் கதை. பிறைக்கரையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்க்கு உயில் எழுத நிலம் ஏது? குடியிருந்த லயமும் தோட்டத்துக்கே உரியது. வேலை போனால் வீடும் போகும். அவர்தம் வழித்தோன்றல்களுக்கு, தம் மறைவுக்குப்பின் இன்னார்க்கு என்று எழுதிக்கொடுக்கத்தக்க ஒன்று 1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கிய பின்னரே பலருக்கும் கிட்டியது. அதன் நியமனப் படிவத்தில் ஒரு பெயரையும் அதனருகே ஒரு விழுக்காட்டையும் எழுதும் தோட்டத் தொழிலாளியும், யாருக்கு எவ்வளவு என்ற அந்த உழவரின் கணக்கையே போட்டுப் பார்க்கிறார்.