கொடுப்பவரைக் காக்க எழுந்த விதிகள்

1958 அக்டோபர் 15 அன்று, யுகோஸ்லாவியாவின் வின்ச்சா அணு ஆய்வு நிலையத்தில் உலை கட்டுமீறியது. கடும் கதிர்வீச்சுக்கு ஆளான ஆறு பேர் பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஐந்து பேருக்கு மருத்துவர் ஜார்ஜ் மத்தே எலும்பு மஜ்ஜை செலுத்தினார், நால்வர் பிழைத்தனர். மஜ்ஜை கொடுத்தவர்கள் நோயாளிகளை முன்பின் அறியாத பிரெஞ்சுக்காரர்கள். இப்படிப்பட்ட கொடையாளர்களைக் காக்க உலகப் பொது விதி எதுவும் அன்று கிடையாது.

அதே ஆண்டு, அதே பாரிஸில், ஜான் தோசே திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்எல்ஏ கூறுகளில் முதலாவதைக் கண்டறிந்தார். பொருத்தம் தவறினால், செலுத்தப்பட்ட அணுக்களே நோயாளியின் உடலைத் தாக்கும். உடன்பிறந்தோரிடம் பொருத்தம் அமையாதவர்கள் அந்நியர்களைத்தான் நாட வேண்டும். அவர்களை எங்கே தேடுவது? 1973இல் லண்டனில் உறவில்லாத ஒருவரின் மஜ்ஜை ஒரு சிறுவனைப் பிழைக்கவைத்தது. அந்த நம்பிக்கையில், பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடுள்ள தன் மகன் ஆன்டனிக்காக ஷெர்லி நோலன் 1974இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். பொருத்தமானவர் கிடைக்காமலே 1979இல் ஆன்டனி இறந்தான். பதிவேடு நிலைத்தது, பிற நாடுகளிலும் பதிவேடுகள் எழுந்தன.

நோயாளி ஒரு நாட்டில், கொடையாளர் இன்னொரு நாட்டில் என்றானபோது பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வந்தது. நோயாளிக்கு இது கடைசி வாய்ப்பு. கொடையாளருக்கோ மருத்துவப் பயன் எதுவும் இல்லை. எனவே அவருக்கு நேரும் தவிர்க்கக்கூடிய தீங்கு எதையும் நியாயப்படுத்த முடியாது. லெய்டனின் யான் வான் ரூட், லண்டனின் ஜான் கோல்ட்மன், சியாட்டிலின் டானல் தாமஸ் மூவரும் 1988இல் இதற்காகக் கைகோத்தனர். அந்த முயற்சி 1994இல் உலக மஜ்ஜைக் கொடையாளர் சங்கமாக முறைப்படி உருப்பெற்றது.

சங்கத்தின் விதிகளின்படி, நோயாளிக்குச் சிகிச்சை தரும் குழுவைச் சேராத மருத்துவரே கொடையாளரின் உடல்தகுதியை முடிவுசெய்ய வேண்டும். கொடைக்குப் பணம் கிடையாது. எச்எல்ஏ பொருத்தத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும்; எச்ஐவி, மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கான சோதனைகளைக் கொடைக்கு முன் திரும்பச் செய்ய வேண்டும். கொடையாளர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் புது மஜ்ஜையை ஏற்பதற்காக நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழித்தபின் விலகினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

1990களில் முறை மாறியது. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜை எடுப்பதற்குப் பதிலாக, மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை) ரத்தத்துக்கு வரவைக்கும் ஜி-சிஎஸ்எஃப் என்ற மருந்தைச் சில நாள் ஊசியாகப் போட்டு, கை ரத்தக்குழாய் வழியே வரும் ரத்தத்திலிருந்து இயந்திரத்தால் அவற்றைப் பிரிப்பது பரவியது. எலும்பு வலியும் தலைவலியும் வந்துபோகும்; மிக அரிதாக மண்ணீரல் கிழிவதுண்டு. நலமாயிருப்பவருக்கு இம்மருந்தால் பிற்காலத்தில் ரத்தப் புற்றுநோய் வருமோ என்ற அச்சமும் எழுந்தது. அதனால் கொடையாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த ஆய்வுகளில் அப்படி எந்த அதிகரிப்பும் தென்படவில்லை. கடுமையான பாதிப்பு எங்கு நேர்ந்தாலும் அதைச் சங்கத்துக்குத் தெரிவிக்கும் ஏற்பாடும் வந்தது.

இன்று உலகப் பட்டியலில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனவழியினரிடம் அமைவதால் இந்திய நோயாளிகளுக்கு இந்தியக் கொடையாளர்களே தேவை. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேடு அவர்களைத்தான் திரட்டிவருகிறது.