விசை என்னும் சொல்: இயற்பியல் ஐயங்களும் கலைச்சொல் வரலாறும்

1. முன்னுரை

மேல்நோக்கி எறியப்பட்ட கல் ஓர் உயரத்தை அடைந்தபின் கீழே விழுவது ஏன் என்று கேட்டால், எறிந்தவர் கொடுத்த விசை தீர்ந்துவிட்டது என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இயற்பியல் இவ்விடையை ஏற்பதில்லை. கையை விட்டு நீங்கிய பின்னர்க் கல்லின்மீது செயல்படுவன புவியின் ஈர்ப்பும் காற்றின் தடையுமே ஆகும். மேல்நோக்கிய விசை எதுவும் கல்லுக்குள் இருப்பதில்லை. கல்லுக்கு உள்ளவை உந்தமும் இயக்க ஆற்றலும்.

இத்தவறான விடைக்கு நீண்ட மரபு உண்டு. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஃபிலோபோனசும், 14ஆம் நூற்றாண்டில் பாரிசில் கற்பித்த பூரிதானும் எறிபவர் பொருளினுள் ஒரு வலிமையைப் பதிக்கிறார் என்றே கருதினர். இவ்வகை விடைகளைத் திருத்த முற்படுபவர் திருத்த வேண்டியது கருத்தையா, சொல்லையா என்பது மொழியியலாரும் ஆராய வேண்டிய வினாவாகும். 'விசை' என்று இன்று தமிழில் வழங்கும் கருத்துக்கான ஐரோப்பியச் சொற்களின் வரலாற்றையும், அவ்வரலாறு தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்குக் காட்டும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஒரு சொல், இரண்டு அளவுகள்

17ஆம் நூற்றாண்டில் இலத்தீனே ஐரோப்பிய அறிவியலின் பொதுமொழியாக இருந்தது. அதில் 'விஸ்' என்னும் சொல் வலிமை, தள்ளுதல், இயங்கும் பொருளின் தாக்கும் திறம் ஆகிய அனைத்தையும் குறித்தது. தெக்கார்த்து பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி இயக்கத்தை அளந்தார். 1686இல் லைப்னிட்ஸ் இதனை மறுத்தார். 1 பவுண்டு எடையுள்ள பொருளை 4 அலகு உயரத்திற்குத் தூக்கவும், 4 பவுண்டு எடையுள்ள பொருளை 1 அலகு உயரத்திற்குத் தூக்கவும் தேவைப்படுவது ஒன்றே. அவ்வுயரங்களிலிருந்து விழும்போது முதற்பொருள் பெறும் வேகம் 2 எனில் இரண்டாவது பெறும் வேகம் 1. தெக்கார்த்தின் கணக்குப்படி இவை 2, 4 என வேறுபடுகின்றன. வேகத்தின் இருமடியைக் கொண்டு பெருக்கினால் இரண்டும் 4 ஆகின்றன. இவ்வளவையே லைப்னிட்ஸ் 'உயிருள்ள விசை' எனப் பெயரிட்டார்.

1722இல் நெதர்லாந்து நாட்டு அறிஞர் ஸ்கிராவசாண்டே ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் கொண்ட பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழச் செய்தார். எடைக்கு எதிர்விகிதமான உயரங்களிலிருந்து விழுந்த குண்டுகள் சமமான பள்ளங்களை ஏற்படுத்தின. லைப்னிட்சின் அளவைக்கு இது வலிமை சேர்த்தது. பிரான்சில் எமிலி து ஷாத்தலே 1740இல் வெளியிட்ட இயற்பியல் நூலில் அவ்வளவையை ஆதரித்து வாதிட்டார். நியூட்டனின் பெருநூலை இலத்தீனிலிருந்து பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் இவரே. அம்மொழிபெயர்ப்பு இவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1759இல் முழுமையாக வெளிவந்தது.

1743இல் தாலம்பேர் இது வெறும் சொற்பூசல் என்றார். விசை செயல்படும் காலத்தைக் கருதினால் ஓர் அளவும், அது செயல்படும் தொலைவைக் கருதினால் மற்றோர் அளவும் கிடைக்கின்றன. இரண்டும் உண்மையானவை. இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்கியதே பூசலை நீட்டித்தது எனலாம்.

3. பெயர் பிரிதல்

சொற்பூசல் என்று கண்டறிந்ததால் மட்டும் சொற்கள் பிரிந்துவிடவில்லை. 1807இல் வெளியான தம் விரிவுரைகளில் தாமஸ் யங் 'எனர்ஜி' என்னும் சொல்லை இயங்கும் பொருளின் இவ்வளவைக்கு வழங்கினார். ஆயினும் அது உடனே பரவவில்லை. 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் அழிவின்மையை விளக்கியபோது, ஜெர்மன் மொழியில் விசையைக் குறிக்கும் 'கிராஃப்ட்' என்னும் சொல்லையே கையாண்டார். 1853இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்த டின்டாலும் 'ஃபோர்ஸ்' என்றே எழுதினார். சொல்லுக்குச் சொல் என்ற முறையில் மொழிபெயர்ப்பு சரியானதே. ஆனால் மூலத்தின் இருபொருள் தன்மையும் அதனுடன் ஆங்கிலத்திற்குள் வந்தது. அதே 1853இல் ரேங்கின் நிலை ஆற்றல் என்னும் கருத்திற்குத் தனிப்பெயர் அளித்தமை குறிப்பிடத்தக்கது.

4. ஃபாரடேயின் ஐயமும் மாக்ஸ்வெல்லின் விடையும்

பெயர் பிரிந்துகொண்டிருந்த காலத்திலேயே ஓர் ஐயம் எழுந்தது. 1857 பிப்ரவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடே ஓர் உரை நிகழ்த்தினார். இரு பொருள்களுக்கு இடையிலுள்ள தொலைவு பாதியானால் ஈர்ப்பு நான்கு மடங்காகிறது. விசை அழியாது, புதிதாகத் தோன்றாது என்பது உண்மையானால், இவ்வாறு மிகுந்த விசை எங்கிருந்து வந்தது? பொருள்கள் விலகும்போது அது எங்கே செல்கிறது? ஈர்ப்பு விதியும் அழிவின்மை விதியும் முரண்படுவதாக அவருக்குத் தோன்றியது.

அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் மாக்ஸ்வெல் அவருக்கு மடல் எழுதினார். அப்போது ஃபாரடேக்கு வயது 66. அபர்டீனில் பேராசிரியராக இருந்த மாக்ஸ்வெல்லுக்கு வயது 26. மாக்ஸ்வெல் முதலில் செய்தது சொற்களைப் பிரித்ததே. வேலை செய்வதற்குப் பொருளிடம் உள்ள திறம் ஒன்று. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல முற்படும் போக்கு வேறொன்று. அழியாதிருப்பது முன்னது, பின்னது கூடலாம், குறையலாம். பொருள்கள் நெருங்கும்போது நிலை ஆற்றல் குறைந்து இயக்க ஆற்றல் மிகுகிறது; மொத்தம் மாறுவதில்லை. இவ்வாறு பிரித்துப் பார்த்தால் முரண்பாடு நீங்கும்.

நவம்பர் 13ஆம் நாள் எழுதிய மறுமொழியில் ஃபாரடே மொழிபெயர்ப்பாளர்கள் நினைவிற்கொள்ளத்தக்க வேண்டுகோள் ஒன்றை வைத்தார். கணித அறிஞர்கள் தாம் கண்ட முடிவுகளைத் தம் குறியீட்டு எழுத்துகளிலிருந்து பொதுமொழிக்குப் பெயர்த்துத் தரலாகாதா என்று அவர் கேட்டார். எனினும் அவர் தம் கருத்தை எளிதில் விட்டுவிடவில்லை. தம் உரையை 1859இல் நூலில் சேர்த்தபோது, இயற்பியற் செயலுக்குக் காரணமானதையே அச்சொல்லால் தாம் கருதியதாக விளக்கக் குறிப்பு எழுதினார். சொல்லின் பொருள் வரையறுக்கப்பட்ட பின்னரும் கருத்து வேறுபாடு எஞ்சலாம் என்பதை இது காட்டுகிறது. ஆனால் எஞ்சியது எது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

5. தமிழ்ச் சூழல்

ஐரோப்பிய மொழிகளில் நெடுங்காலம் எடுத்துப் பிரிந்த சொற்கள் தமிழுக்குப் பிரிந்த நிலையிலேயே வந்தன. ஆயின் அவற்றைக் குறிக்கத் தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொற்களுக்கு முன்பே வேறு வாழ்வு இருந்தது. 'விசை' என்பது வேகம், விரைவு, உந்துதல் ஆகியவற்றை நெடுங்காலமாகக் குறித்து வருகிறது. 'விசையாக எறிந்தான்' என்னும் தொடரில் அது எறிபொருளின் வேகத்தோடு இணைகிறது. விசைத்தறி, விசைப்படகு ஆகியவற்றில் எந்திரத்தின் இயக்கு திறனைக் குறிக்கிறது. எனவே விசை தீர்ந்ததால் கல் விழுந்தது என்னும் கூற்றில் தமிழ்ப் பிழை எதுவும் இல்லை. பேச்சுமொழியில் பொருந்தி நிற்கும் ஒரு தொடர் இயற்பியலில் பொருந்தாமற் போகிறது, அவ்வளவே.

'சக்தி' என்னும் சொல் மற்றொரு சான்று. இதழ்களில் 'ஈர்ப்பு சக்தி' என்பது பெருவழக்கு. இலங்கைப் பாடநூல்களிலோ 'சக்தி' என்பது ஆற்றலுக்கான கலைச்சொல். ஆங்கு இத்தொடரை ஈர்ப்பு விசை என்னும் பொருளில் வழங்கினால் ஃபாரடேயின் ஐயமே மீண்டும் பிறக்கும்.

இவற்றினும் நுட்பமான சிக்கல் 'நிறை' என்னும் சொல்லில் உள்ளது. தமிழகப் பாடநூல்களில் நிறை என்பது பொருளிலுள்ள பருப்பொருளின் அளவு. அதன்மீது செயல்படும் ஈர்ப்பு விசை எடை எனப்படும். இலங்கைப் பாடநூல்களில் முன்னது திணிவு; பின்னதே நிறை. 'நிலவிற்குக் கொண்டுசென்றாலும் பொருளின் நிறை மாறாது' என்னும் வாக்கியம் சென்னை மாணவர்க்கு உண்மை. யாழ்ப்பாண மாணவர்க்குப் பொய். நிலவில் ஈர்ப்பு புவியில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே என்பதால், யாழ்ப்பாண மாணவர் கற்ற நிறை அங்கே அந்த அளவிற்குக் குறையும். இருவருமே தாம் கற்ற இயற்பியலைச் சரியாகக் கற்றவர்கள். ஒருவரை மற்றவர் திருத்த முற்பட்டால் இல்லாத பிழையையே திருத்த நேரிடும்.

6. முடிவுரை

1992இல் அமெரிக்காவில் ஹெஸ்டினஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் ஆகியோர் வெளியிட்ட விசை பற்றிய வினாத்தொகுப்பு, மாணவர்களின் இயல்பான எண்ணங்களையே விடைத் தெரிவுகளாக அன்றாட மொழியில் அமைத்தது. சூத்திரங்களைச் சரியாகக் கையாள்வோரும் அவற்றில் தடுமாறக்கூடும் என்பது அதனால் வெளிப்பட்டது. இத்தகைய வினாக்களைத் தமிழாக்கும்போது தெரிவுகளில் கலைச்சொல்லை இடுவதா, பேச்சுவழக்கை இடுவதா என்பது மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதாகும். 'விசை' என்று எழுதினால் மாணவர் எப்பொருளில் அதனைப் படித்தார் என்பதை விடை காட்டாது.

ஆகவே இயற்பியல் ஐயங்களுக்கு விடை எழுதுவோரும் அவ்விடைகளை மொழிபெயர்ப்போரும், வினவியவர் சொல்லை எப்பொருளில் வழங்கினார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். கலைச்சொல் அகராதிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் வழக்குப் பொருளையும், தமிழகம், இலங்கை ஆகிய இரு மரபுகளிலும் அது பெறும் பொருளையும் அருகருகே தருவது இப்பணிக்குப் பெரிதும் உதவும். மாக்ஸ்வெல் தம் மடலில் பின்பற்றிய வரிசையும் இதுவே: முதலில் சொல், பின்னர் விதி.