வைபவமாலையும் முத்துக்கரையும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறிச்சுக்கட்டியில் முத்துச்சலாபம் கூடியபோது, குளித்தெடுத்த சிப்பியில் மூன்றிலிரண்டு பங்கு அரசுக்கு. எஞ்சியதே குளிப்போருக்கும் படகினருக்கும். அதற்கு முந்திய ஆட்சிகளும் இக்கரையை வருவாய் மூலமாகவே கண்டன. குடியேற்றவாதக் காலத்தில் எழுந்த நமது வரலாற்று நூல்கள் இதனை எவ்வாறு நோக்கின?

மாதகல் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை 1736 அளவில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்பேரில் இயற்றப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. மன்னாரில் கிறித்தவராயினோரைச் சங்கிலி கொல்வித்தமையை அது கூறுகிறது. அது நிகழ்ந்தது 1544இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எதிர்க்கரைப் பரவர், போர்த்துக்கேயரின் கடற்பாதுகாப்பை நாடி, பெருந்தொகையினராக மதம் மாறியிருந்தனர். மதமாற்றம் என்பது அன்று ஆள்பவனை மாற்றுதலும், வரி செல்லும் திசையை மாற்றுதலுமாகும். சங்கிலி அஞ்சியது இதற்கே எனலாம். புலவரோ இதனைச் சமயச் சினமாகவே காண்கிறார்.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. 1544இல் ஆண்டவன் முதலாம் சங்கிலி. 1619இல் அரசிழந்தவன் இரண்டாம் சங்கிலி. பின்வந்த ஆய்வாளர் பிரித்துக்காட்டிய இவ்விருவரும் வைபவமாலையில் ஒருவரே. 1560இல் மன்னார்த் தீவு பறிபோனமை, 1591இல் நல்லூரில் போர்த்துக்கேயருக்கு அடங்கிய அரசன் அமர்த்தப்பட்டமை என நீண்ட 75 ஆண்டுகாலப் படிப்படியான அடிமைப்பாடு மறைந்து, கொடுங்கோலன் ஒருவனின் வீழ்ச்சியாகச் சுருங்குகிறது. காக்கைவன்னியனின் துரோகமும் முனிவர் முன்னுரைத்த விதியும் மிகுதியை நிறைவு செய்கின்றன. அரசு கைமாறலாம், குடிகளின் மேல்கீழ் வரிசை மாறலாகாது என்பதே இந்நூலின் அரசியற் சிந்தனை. நூலைக் கேட்ட ஒல்லாந்தருக்கும், அவர்களின்கீழ் உத்தியோகம் வகித்த உயர்குடியினருக்கும் இது ஒருங்கே உவப்பானதாயிருந்திருக்கும்.

பெரு நாட்டுப் பூர்வகுடி எழுத்தாளர் குவாமன் போமா, 1615 அளவில் இசுப்பானிய மன்னனுக்கு எழுதிய பெருநூலும் தன் உயர்குலப் பெருமையை விட்டுக்கொடாதது. ஆயினும் சுரங்கங்களில் மாண்ட தொழிலாளரும், அவர்களை வருத்திய அதிகாரிகளும் பாதிரிமாரும் அதில் இடம்பெறுகின்றனர். அவர் மன்னனிடம் முறையிட எழுதினார். நம் புலவரோ அதிகாரி கேட்டதற்கு விடையாக எழுதினார். முத்துக்குளித்தோர் வைபவமாலையில் வரலாற்றை இயக்கும் மாந்தராக வாராமைக்குப் புலவரின் அறியாமையைக் காரணங்காட்டுதல் பொருந்தாது. கேள்வி எங்கிருந்து வந்தது என்பதிலேயே அதற்கு விடையுண்டு.