டாரோ: ஆட்டமும் குறியும்

டாரோச் சீட்டுகள் நம் இலக்கியக்காரர்களுக்கு அறிமுகமானது பெரும்பாலும் எலியட் வழியாகத்தான். 1922ல் வெளிவந்த 'வேஸ்ட் லாண்ட்' கவிதையில் ஒரு குறிகாரி சீட்டு விரிக்கிறாள். எலியட் அப்போது லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டுக்கட்டின் சரியான அமைப்பு தனக்குத் தெரியாது என்று கவிதையின் குறிப்புகளில் அவரே சொல்லிவிடுகிறார். குறிகாரி காட்டும் சீட்டுகளில் சில எந்தக் கட்டிலும் இல்லாதவை. இருப்பில் இல்லாததை எடுத்துக் கொடுத்தவர் அதைக் குறித்தும் வைத்துவிட்டார் என்பது, வங்கிக் குமாஸ்தாவான எனக்குப் பிடித்த விஷயம். அவரைப் படித்தவர்கள் அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

டாரோ பிறந்தது வட இத்தாலியப் பிரபுக்களின் ஆட்ட மேஜையில், 1440ஐ ஒட்டி. கிண்ணம், காசு, வாள், தடி என்று நான்கு இனங்களில் 56 சீட்டுகள், அவற்றை வெட்ட 21 துருப்புகள், தனியாக ஒரு பித்தன், ஆக 78. சுமார் 300 ஆண்டுகள் இது முக்கியமாக ஒரு ஆட்டமாகவே இருந்தது. 1781ல் பாரீசில் கூர் த ழெபெலின் என்ற அறிஞர், இவை எகிப்தியப் பூசாரிகளின் ஞான நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை யாராலும் வாசிக்க முடியாத காலம் அது. ஷாம்போலியோன் புதிரை அவிழ்த்தது 1822ல்தான். மறுக்க ஆளில்லாத இடத்தில் அர்த்தங்கள் செழித்து வளர்கின்றன. 1785ல் எத்தேய்லா என்ற புனைபெயர்க்காரர் டாரோவைக் கொண்டு குறி பார்க்கும் முறையை அச்சிட்டார். ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவவாதி மைக்கேல் டம்மெட் 1980ல் வெளியிட்ட பெரிய நூல், ஆட்டமே முந்தையது என்பதை ஆதாரங்களோடு நிறுவியது.

கஷ்டமான முடிவு எடுக்கவேண்டியவர்கள் இன்று குறிமேஜைக்குப் போகிறார்கள். அங்கே அவர்களுக்கென்றே ஒரு சீட்டு இருக்கிறது: வாள் இரண்டு. பழைய கட்டுகளில் பெரும்பாலும் அது இரண்டு வாள்களும் கொஞ்சம் பூவேலையும்தான். 1909ல் லண்டனில் ரைடர் வெளியிட்ட கட்டை, ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டின் யோசனைப்படி பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். அவருடைய வாள் இரண்டில், கண்களைக் கட்டிய ஒரு பெண் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். மார்பின் குறுக்கே மடித்த கைகளில் இரண்டு நீண்ட வாள்கள். கண்கட்டைவிட அந்தக் கைகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முடிவெடுக்காமல் இருப்பவன் சும்மா இருப்பதில்லை. இரண்டு பக்கத்துச் சுமையையும் தாங்கிக்கொண்டிருக்கிறான். ஸ்மித் இதைக் கண்டிருக்கிறார். ஆனால் படத்திலிருக்கும் பெண் வாளை இறக்கப் போவதில்லை.

ஆட்டத்தில் வாள் இரண்டு அற்பமான சீட்டு. இருந்தும் அதை எப்போது இறக்குவது என்று ஆடுபவன் யோசித்தாகவேண்டும். தனக்கு விழுந்த கையை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர் கை அவனுக்குத் தெரியாது. இறங்கிய இனம் தன்னிடமிருந்தால் அதைத்தான் போடவேண்டும். இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் அவனுடைய சுதந்திரம். போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. இதில் பித்தனின் பங்கு விசேஷமானது. பிரெஞ்சு ஆட்டத்தில் அவனுக்குப் பெயர் 'சாக்கு'. எந்த இனம் இறங்கியிருந்தாலும் அவனைப் போட்டுத் தப்பிக்கலாம். பிடி கிடைக்காது, ஆனால் பித்தன் போட்டவனிடமே திரும்பிவிடுவான். ஒரு ஆட்டத்தில் ஒரு முறைதான் இந்தச் சலுகை. கடைசிப் பிடிவரை பொத்தி வைத்திருந்தால் பொதுவாக அவன் எதிராளிக்குப் போய்ச்சேருவான். ஒத்திப்போடுதலைப் பற்றி இதற்குமேல் எந்தக் குறிகாரியும் சொல்லிவிட முடியாது.

குறிமேஜையில் சீட்டுகள் முகம் காட்டிக் கிடக்கின்றன. கேட்க வந்தவன் கையில் ஒன்றும் இல்லை. கனவுகளுக்கு அர்த்தம் தேடிய ஃப்ராய்ட், சனிக்கிழமை மாலைகளில் நண்பர்களோடு இதே குடும்பத்தைச் சேர்ந்த டாராக் ஆடியவர். இரண்டு காரியங்களையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

நம் விமர்சகர்கள் வரித்துக்கொண்டது ழெபெலினின் டாரோவை. ஒரு கவிதை தேறியதா இல்லையா என்று சொல்லவேண்டிய இடத்தில், அதிலுள்ள குறியீடுகளை வரிசைப்படுத்திவிட்டு எழுந்துபோகிறார்கள். அதுவும் ஒரு சாக்குதான். அதை ஒவ்வொரு பிடிக்கும் போட ஆட்டத்தில் இடமில்லை.